ஸ்கூலுக்குப் போயிருக்கிறான்

மஸ்கட்

மருமகள் ஜானகிக்கு அத்தை எழுதுவது.

பேத்தி நிஷா கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதையும், பேரன் அறிவு கேரம் போட்டியில் ஜெயித்ததையும் நான் சமைக்கிற வீட்டில் பெருமையாகச் சொன்னேன். நான் நலம். உன் உடம்பு எப்படி?

ரகுபதி நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காலையில் மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டு, குப்பத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "எய்ந்திரு நைனா, பெல்லு அடிக்கப் போவுது" என்று பிள்ளைகளை அழைத்துப் போவானே, அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

நேற்று வீட்டம்மா, "ஆயாம்மா, உங்க வாத்தியார் புள்ள எப்படி இருக்காரு?" என்று கேட்டார். "ஸ்கூலுக்குப் போயிருக்கான்" என்றேன். அவன் இறந்ததை இங்கே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

கொஞ்சம் சுக்குப் பொடி அனுப்பு. குக்கர் கத்துகிறது, போகிறேன்.

நீங்கள் மூவரும் நிற்கிற புதுப் படம் ஒன்றும் தபாலில் போடு. யாராவது கேட்டால், எடுத்தது ரகுபதி என்று சொல்லிக்கொள்வேன்.