மிதமான கொந்தளிப்பு

ஏப்ரல் 9, வியாழன்

கப்பலில் போகிறேன். நான்!

வழக்கமாகப் போகிறவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டதாம். பிரிவுத் தலைவர் எங்கள் அறை வாசலில் நின்று யார் போகிறீர்கள் என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே இருந்தது. இத்தனை வருடமாகக் கடல் வானிலை அறிக்கை எழுதுகிறேன். 'கடல் மிதமான கொந்தளிப்புடன் காணப்படும்' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்? ஆனால் கடலில் முழங்கால் நனைந்ததோடு சரி.

நடுக்கடலில் நாங்கள் நிறுத்தியிருந்த மிதவை இரண்டு மாதமாக ஊமை. காற்று, அலை, காற்றழுத்தம் என்று மணிக்கொரு முறை சேதி அனுப்பிக்கொண்டிருந்தது. புயல் கருக்கொள்ளும் இடமே அதுதான். செயற்கைக்கோள் மேகத்தைக் காட்டும். மேகத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது பாதிக்கு மேல் ஊகம். புயல் பருவம் தொடங்குவதற்குள் புது மிதவையை இறக்கியாக வேண்டும். எந்த நேரத்தில் இறக்கலாம் என்று சொல்ல ஒரு வானிலைக்காரர் கூடவே போக வேண்டும்.

வீட்டுக்காரர் உடனே சரி என்றார், பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். மகள்தான், "நீ சொன்ன மழையே ஒழுங்கா வர்றதில்ல. உன்னை நம்பி ஒரு கப்பலையே அனுப்புறாங்களா?" என்றாள். வாயாடி.

ஏப்ரல் 13, திங்கள்

புறப்பட்டுவிட்டோம். கரை ஒரு கோடாகி, அந்தக் கோடும் போய்விட்டது. சுற்றிலும் தண்ணீர். சின்னப் பிள்ளை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தேன்.

கேப்டன் பருத்த ஆள். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான். நான் யாரென்று தெரிந்ததும், "ஓ, அந்த மிதமான கொந்தளிப்பு நீங்கதானா?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் கப்பல் முழுக்க எனக்கு 'மிதமானம்' என்று பெயர்.

ஏப்ரல் 14

வாந்தி.

ஏப்ரல் 15, புதன்

மறுபடியும் வாந்தி. வெளியே ஒன்றரை மீட்டர் அலையாம். இதையா மிதமானது என்று எழுதினேன்? எந்த வயிற்றை வைத்து எழுதினேன்?

என் அறையில் இன்னொரு பெண் இருக்கிறார். மிதவையின் கருவிகளைப் பூட்டுவதும் சோதிப்பதும் அவர் வேலை. எல்லோருக்கும் மெக்கானிக் அக்கா. காய்ந்த பிஸ்கட்டை என் வாயில் திணித்து, மேலே கூட்டிப்போய், அடிவானத்தையே பார்க்கச் சொன்னார். மணிக்கணக்காகப் பார்த்தேன். வயிறு மெல்ல அடங்கியது. வேறு வேலையில்லாமல் அலைகளைப் பார்ப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஏப்ரல் 17, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். வானம் கறுத்துக் கிடந்தது, விட்டு விட்டு மழைக்காற்று. தலைவர் தொலைபேசியில் பேசினார் — நாளை காற்று விழுந்துவிடும், நாளை இறக்குங்கள் என்று. கேப்டனும் சம்மதித்துவிட்டார்.

நான் என் வழக்கப்படி அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன அலைகள் குறுக்கும் நெடுக்கும் அடித்தன. அவற்றுக்குக் கீழே இன்னொன்று. கப்பல் முழுவதும் நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கியது. வெகுநேரம் கழித்து மறுபடியும். இது இங்கே பிறந்த அலை இல்லை. போன வாரம் தெற்கே, கடலின் அந்தக் கோடியில் வீசிய புயலை வரைபடத்தில் பார்த்திருந்தேன். அதன் அலை இது! நீளமானவை முதலில் வரும், உயரம் குறைவாக. பெரியவை பின்னால் வரும். அப்படியானால் நாளை காற்று இருக்காது, ஆனால் கடல் எழும்பும். கிரேனில் தொங்கும் மிதவையை அந்த ஆட்டத்தில் யார் பிடிப்பது?

ஓடிப்போய்ச் சொன்னேன். கேப்டன் கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார்.

"ஆபீஸ் நாளைக்குங்குது, நீங்க இன்னிக்குங்கிறீங்க. ரெண்டும் ஒரே ஆபீஸ்தானே?"

தலைவரை அழைத்தேன். என் கணக்கை இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டார். கடைசியில், கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது நான்தான், அதனால் கேப்டனிடம் நானே முடிவைச் சொல்லலாம் என்றார். துணிச்சலைக் கொடுத்தாரா, என்னை மாட்டிவிட்டாரா? அப்போது புரியவில்லை.

"வாய்ப்பு உண்டு, கிண்டுன்னு சொல்லாதீங்க," என்றார் கேப்டன். "இறக்கலாமா, வேண்டாமா?"

"இறக்கலாம். இந்த மழை விட்டதும்."

"எப்ப விடும்?"

"அரை மணியில."

விடவில்லை. அரை மணி போயிற்று, இன்னொரு அரை மணியும் போயிற்று. எல்லோரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் பயங்கரம். மகளே, நீ சொன்னது சரிதான். உன் அம்மாவை நம்பி —

பிறகு மேற்கே ஒரு வெளிச்சம். காற்றும் மழையும் சட்டென்று அடங்கின. கேப்டன், "இறக்கு," என்றார்.

கிரேன் மஞ்சள் மிதவையைத் தூக்கியது. பாதி வழியில் அந்த நீண்ட அலைகளில் ஒன்று கப்பலை ஏற்றியது. மிதவை சுழன்று, கயிறு பிடித்திருந்த மெக்கானிக் அக்கா பக்கமே வந்தது. அவர் கயிற்றை விட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்தார். அவர் தலைக்கு மேல் அது போய்த் திரும்பியது. நான்தானே இறக்கச் சொன்னேன்? நான்தானே?

அவர் எழுந்தார். கயிற்றை மறுபடியும் பிடித்தார். மிதவை தண்ணீரைத் தொட்டது. கொக்கி கழன்றது. சங்கிலி கடகடவென்று இறங்கி, நங்கூரம் அடியில் போய் உட்கார்ந்தது.

கீழே போனபோது திரையில் முதல் வரி வந்திருந்தது. காற்றழுத்தம், காற்று, அலை. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் சட்டை முழுக்க கிரீஸ். "எனக்கு உசிரே போயிருக்கும், அழுறது நீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரும் அழுதார்.

ஏப்ரல் 18, சனி

காற்றே இல்லை. ஆனால் கண்ணாடி போன்ற மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கப்பல் தலைகீழாகிவிடும் போல ஆடுகிறது. கேப்டன் என்னைத் தேடி வந்து டீ கொடுத்தார்.

டீயையும் வாந்தி எடுத்தேன். சந்தோஷமாக.

ஏப்ரல் 22

வீடு. தரை ஆடுகிறது. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னதைவிட மழை நிற்க அரை மணி பிந்தியதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மே 6, புதன்

நம் கடலில் காற்றழுத்தம் தினமும் ஒரே மாதிரி மூச்சுவிடும்: காலை பத்து மணி வாக்கில் ஏறும், மத்தியானம் இறங்கும். இன்று மிதவையில் ஏறவில்லை. பத்து மணிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஏதோ கருக்கொள்கிறது. செயற்கைக்கோள் படத்தில் சிதறிய மேகம்தான், பார்த்தால் பரம சாது.

அந்த எண்களைத் தலைவரிடம் கொண்டுபோனேன். அந்தப் பக்கம் நிறைய மீன்பிடிப் படகுகள் இருக்கின்றன, திரும்பி வரவே நாளாகும் என்றேன். எண்களை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"என்ன எழுதப் போறீங்க?"

"உடனே கரைக்குத் திரும்பணும்னு. 'வாய்ப்பு' இல்லாம."

"எழுதுங்க," என்றார்.

மே 7

படகுகள் திரும்பத் தொடங்கிவிட்டனவாம். என்னால் உட்கார முடியவில்லை.

மே 8, வெள்ளி

புயல்! பிற்பகலில் மிதவையில் ஏழு மீட்டர் அலை. அறை முழுக்க என் மேசையைச் சுற்றி நின்றது. பிறகு புயல் வடகிழக்கே திரும்பி ஆழ்கடலுக்கே போய்விட்டது. இங்கே சுள்ளென்று வெயில். ஒரு இலை அசையவில்லை.

மே 10, ஞாயிறு

வீட்டுக்காரருடன் துறைமுகம் வரை நடந்தேன். கடலுக்குப் போன படகுகள் அத்தனையும் திரும்பி, இடிபடாத குறையாக நெருக்கிக் கட்டிக் கிடந்தன. டீக்கடையில் உட்கார இடமில்லை. அத்தனை பேரும் வானிலை அலுவலகத்தைத்தான் கிழித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் வலை காய்கிறது, மீன் அங்கே சும்மா நீந்துகிறது, அறையில் உட்கார்ந்து எவனோ எதையோ எழுதுகிறான். அவர் வாயைத் திறக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தேன். திட்டுவதற்கு ஒருவர் கூடக் குறையவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.