ஒரே பக்கமாகத் திருகியவர்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? அம்மா எப்படியிருக்கிறார்? நான் நலம்.

நேரான சாலையிலும் கார் ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்தே நின்றதால், இங்கே லாங்ரீச் ஊர் மெக்கானிக் டேரலிடம் காட்டினேன். அடியில் படுத்துப் பார்த்தவர், "சக்கரத்தைத் திருப்புற ரெண்டு பக்க ராடையும் சமமா திருகணும்மா. எந்த மடையன் ஒரே பக்கமா திருகி வீல் அலைன்மெண்ட் பார்த்தான்?" என்று சிரித்தார்.

நான் கிளம்பும் முன் நீங்கள் நூல் கட்டி அளந்து செய்த வேலை அது. பாடம் நடத்தும்போது தவிர வாய் திறக்காத நான், "எங்கப்பா. அதுலதான் ஆயிரம் கிலோமீட்டர் வந்தேன்" என்றேன்.

டேரல் டயரைத் தடவினார். "தேயவே இல்லையே! ஸ்டியரிங்தான் சாய்வு, சக்கரம் நேராத்தான் நிக்குது. மனுஷனுக்கு நல்ல கண்ணு."

ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டார். என் கைதான் இன்னும் பழைய சாய்வைத் தேடுகிறது.

டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். டேரல் சொல்லிவிட்டார், நீங்களும் சொல்லுங்கள்.

பள்ளி மணி அடித்துவிட்டது.

மகள்,
கெரின்