சம்பந்தியிடம் கைக்குப் பயிற்சி என்று சொல்

அம்மாடி,

நீ வேலை முடிந்து வருமுன் கிளம்பிவிட்டேன். சாவி மாடி வீட்டில். சோறு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். இடக்கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்.

இனிப் பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று நேற்று கத்தினேன். அங்கேதான் போகிறேன்.

சாயங்காலம் உன் மாமனார் வருகிறார். "அப்பாவுக்கு மூளைக்குப் பயிற்சி குடுக்குறாங்க மாமா" என்று அவரிடம் நேற்று போனில் சொன்னாயே, எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றல்லவா நினைப்பார்? நம் குடும்பத்துக்கு அந்தப் பேச்சு வேண்டாம். பக்கவாதத்தில் விழுந்த கைக்குப் பயிற்சி என்று சொல்.

மூளை நினைப்பதைக் கண்டுபிடிக்கும் கம்பித் தொப்பியைத் தலையில் மாட்டி, வலக்கையை அசைப்பதாக நினைக்கச் சொல்கிறார்கள். சரியாக நினைத்தால் எதிரே திரையில் ஒரு கை விரியும். கல் உடைத்தாலும் இவ்வளவு அசதி வராது. கதவைத் தள்ளுவதாக நினைத்தேன், பாரம் தூக்குவதாக நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "மல்லுக்கட்டாதீங்க ஐயா, கைக்குப் பழகின வேலையா நினைங்க" என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். உன் அம்மா போன பிறகு, பள்ளிக்கூடத்துக்கு உனக்குச் சடை பின்னிவிட்டதை நினைத்தேன். விரிந்தது.

நேற்று என் கட்டைவிரலே லேசாக அசைந்தது. அதைச் சொல்லத்தான் ஓடிவந்தேன். நீ போனில் இருந்தாய்.

அப்பா

மறந்துவிட்டேன்: என்ன நினைக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். கையெழுத்துப் போடுவதாக நினைக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உன்னைக் கேட்டால் நீயும் அதையே சொல்.