ஒரே பிள்ளை என்று சொல்லிவிட்டேன்

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே அவசரப்பட்டுப் போன என் அக்காவுக்கு,

நீ போன பிறகு உன்னிடம் இப்படிப் பேசுவது இதுதான் முதல் தடவை. மட்டாஞ்சேரியில் மழை விடவே இல்லை. அத்திம்பேரின் குடோனில் சுக்கெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. அதெல்லாம் ஒரு சேதியா? என் பிள்ளை ரவிக்கு உன் வியாதி வந்திருக்கிறது அக்கா.

ஆமாம், அதே ரத்தப் புற்று. எழுபத்தைந்தாம் வருஷம் எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது மாத்திரை, ஊசி, ரத்தம் ஏற்றுவது, இவ்வளவுதான் வைத்தியம். குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள் போட்டில் ஏறி அக்கரை வந்து உனக்கு ரத்தம் கொடுத்தார்கள். மஜ்ஜை மாற்றுவது பற்றிக் கேட்டதற்கு, அது வெளிநாட்டில் பரீட்சை பார்க்கிற சங்கதி என்று பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போது நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். உடன்பிறந்தவரின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்து, ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றிவிடுவார்களாம். அன்றைக்கே இது வந்திருந்தால் உனக்காக நான் படுத்திருக்க மாட்டேனா? ஆனால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று கேட்டால், டாக்டர் இன்னமும் நேராகப் பதில் சொல்வதில்லை.

போன வாரம் அவர் கேட்டார், "ரவிக்கு சகோதரங்கள் உண்டோ?"

"ஒரே பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. ரவிக்கு அடுத்துப் பிறந்த சேகரை உன் மடியில் வைத்து, ஹோமத் தீக்கு முன்னால் தாரை வார்த்த நாளிலிருந்து, யார் கேட்டாலும் அதைத்தானே சொல்லி வருகிறேன்? தத்துக் கொடுத்த பிள்ளையைப் பெற்றவள் தன்னுடையது என்று சொல்லக்கூடாது. வாய் பழகிவிட்டது.

சேகர் பக்கத்திலேயே நின்றான். காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ரவிக்குத் துணை இருக்கிறான். "நான் குடுத்தாப் போராதா டாக்டர்? சித்தி பிள்ளைன்னாலும் எனக்குக் கூடப் பொறந்த மாதிரியாக்கும்" என்றான்.

டாக்டர் அவன் தோளைத் தட்டினார். "மோனே, கசின் போரா. ஒரே அச்சனும் அம்மயும் வேணம்."

ஒரே அப்பா அம்மா வேண்டும் என்றதும் அவன் முகம் தொங்கிப்போயிற்று. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். என்னுடையதை எடுங்கள் என்று பிறகு கெஞ்சினேன். பெற்றவளுடையது பாதிதான் பொருந்துமாம்.

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ என்ன கேட்டாய்? "அவன் எனக்குப் பொறந்தவனாவே இருக்கட்டும்டி. நான் போனப்பறமும் சொல்லிடாதே." நானும் அத்திம்பேரும் சத்தியம் செய்தோம். இப்போது அவர் உன் படத்தைக் காட்டுகிறார். "நான் எப்படிச் சொல்லச் சொல்லுவேன்? அவகிட்டயே கேட்டுக்கோ" என்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

சொன்னால் சேகர் என்ன நினைப்பான்? பிறந்ததும் தூக்கிக் கொடுத்தவள், மூத்தவனுக்கு ஆபத்து என்றதும் கை நீட்டுகிறாள் என்று நினைக்க மாட்டானா? இவ்வளவையும் சொல்லிவிட்டு அவனுடையது பொருந்தாமல் போனால்? பயமாக இருக்கிறது அக்கா. ஆனால் வாயை மூடிக்கொண்டு ரவியைப் பார்த்துக்கொண்டே இருக்க என்னால் ஆகாது.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். நீ மன்னிக்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். ஒரு சத்தியத்தை உடைக்கிறவள் இன்னொன்றைச் செய்தால் நம்புவாயா? நம்பு. சேகர் என்னை அம்மா என்று கூப்பிட நான் விடமாட்டேன். உன் திவசத்தை அவன்தான் செய்வான். ரவி பிழைக்காமல் போய், எனக்குக் கொள்ளி வைக்கக்கூட ஆள் இல்லாமல் போனாலும், அவனைக் கேட்க மாட்டேன்.

உன் தங்கை,
சேகரின் சித்தி