ஊசிக்குத் தந்த நிதி, மாத்திரைக்கும் தர வேண்டி

அனுப்புநர்:
அ. கிளியம்மாள்,
மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: என் மருமகனின் போதை நீக்கச் சிகிச்சைக்குத் தொழிற்சாலை மருத்துவ நிதி பணம் தர மறுப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் கலைமணியின் கணவர் தாண்டவராயன், ஒரகடம் சாலையில் ஓர் இரும்புத் தகடு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாரம் தூக்கும்போது முதுகில் அடிபட்டது. ஆள் குறைந்தால் லைன் நின்றுவிடும் என்று, அங்குள்ள முதலுதவி அறையிலேயே வலிக்கு ஊசி போட்டு ஷிப்டுக்கு அனுப்பினார்கள். ஓ.டி. பார்த்த நாளில் இன்னொரு ஊசி. அதற்கெல்லாம் தொழிலாளர் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த மருத்துவ நிதிதான் பணம் கொடுத்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

2. வலி போன பிறகும் ஊசியை விட முடியவில்லை. இல்லாத நாளில் உடம்பு நடுங்கும், சோறு இறங்காது, பெற்ற பிள்ளையைக்கூடத் தூக்க மாட்டார். சென்னை மருத்துவர் ஒருவர் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்தார். ஊசி நின்றது. வேலைக்கு ஒழுங்காகப் போனார். என் மகள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், திடீரென்று நிறுத்தினால் மறுபடி ஊசியைத் தேடுவார் என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

3. அந்தக் கடிதத்தோடு நிதி அலுவலர் ரகுபதியிடம் போனேன். "இன்னா ஆயா, உன் மருமவன் போதைக்கும் நாங்களே துட்டு கட்டணுமா?" என்று எல்லோர் முன்பும் கேட்டார். "ஊசிக்குக் கட்னீங்களே, அப்போ இந்தக் கேள்வி எங்க போச்சு?" என்றேன். மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால், குணமானவர் என்று கருதிப் பணம் தருவார்களாம். குணமானவருக்கு மாத்திரைப் பணம் எதற்கு, ஐயா? போதையை விட வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கயிறு கட்டச் சொன்னார். கட்டினோம். முருகன் மேல் எங்களுக்குக் குறையில்லை. ஊசி போட்டது அவர் அல்ல.

4. இப்போது வாங்கப் பணமில்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார். நடுக்கம் திரும்பிவிட்டது. முதலுதவி அறையில் ஊசி இன்றும் இலவசம். அந்தக் கதவைத் தாண்டித்தான் தினமும் லைனுக்குப் போகிறார்.

5. இம்மனுவில் மருமகனுக்குச் சம்மதமில்லை. வெளியே தெரிந்தால் அவமானம் என்கிறார். வலிக்கு மருந்து வாங்கியவர் ஏன் தலைகுனிய வேண்டும்?

மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை மாத்திரைச் செலவை நிதியே ஏற்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன். கருணைத் தொகை என்று கொடுத்தால் வாங்க மாட்டோம். சிகிச்சைச் செலவு என்று எழுதியே தர வேண்டும். கையிலுள்ள மாத்திரை புதன்கிழமை இரவோடு தீர்கிறது. திங்கட்கிழமை இம்மனுவை நேரில் கொடுப்பேன். உத்தரவு கிடைக்கும்வரை தங்கள் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இடம்: மண்ணூர்
நாள்: 9.8.1991

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
அ. கிளியம்மாள்