அப்பாவின் வலி சைபர்

அன்பு மகள் அனுசியாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்ல முடியாமல் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் கடிதம். குரங்கணிக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றி இறக்கியே அவர் இடுப்பு விட்டுப்போனது உனக்குத் தெரியும். புது வலி மாத்திரையைப் பரிசோதிக்க வந்த டாக்டர்கள் அவரையும், காய் எடுக்கிற சிலரையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னேனே, மாத்திரை நன்றாகவே கேட்கிறது. வாராவாரம் ஒருவர் வந்து பத்துக்கு வலி எத்தனை என்று கேட்கிறார், இவர் சைபர் என்கிறார், எழுதிக்கொண்டு போய்விடுகிறார். வேறொன்றும் கேட்பதில்லை. காய் எடுக்கிற பக்கத்து வீட்டுக் கருத்தம்மாவும் அதே மாத்திரைதான், அவளும் சைபர்தான். போன மாதம் மரம் விழுந்து அவள் தம்பி செத்துப்போனான், கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். ஒப்பாரி வைத்த பெண்கள் அழுகையே இல்லாத அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். காப்பி எப்ப வரும் மதினி என்று அவள் என்னைக் கேட்டாள்.

அதற்கப்புறம் ஒருநாள் மலைப்பாதை வளைவில் பின்சக்கரம் விளிம்பை விட்டு இறங்கி ஜீப்பு தொங்கியிருக்கிறது. பாதிப் பேர் அலறியிருக்கிறார்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம், உன் அப்பாவும்தான். வீட்டுக்கு வந்து சோறு கேட்டார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது போன் அவர் மடியில்தான் இருந்தது. இன்னும் புள்ள கூப்பிடலையே என்று காலையிலிருந்தே என்னைப் பிடுங்கி எடுக்கிற மனுஷன், அது அடிக்க அடிக்க உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கலையா என்றேன். அவளுக்கு என்ன, நல்லாத்தான இருப்பா என்றார், ஒரு கோபமும் இல்லாமல்.

நீயும் மருந்து சோதிக்கிற அதே சோலியில் இருக்கிறவள். ஒரு நோய்க்கு மருந்து சோதிக்கிறவர்கள் எல்லோரும் கட்டாயம் கேட்க வேண்டியது இன்னின்ன என்று பெரியவர்கள் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள், பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களும் அதன்படி கேட்பதில்லை என்று நீ தலையில் அடித்துக்கொண்டாயே, அதில் மனசைப் பற்றியும் உண்டா? வேறு ஊரில் இதே மாத்திரைக்குத் தூக்கத்தை மட்டும் கேட்கிறார்களாம். எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தால் யாராவது ஒருத்தருக்கு உறைத்திருக்காதா? இவரு பெத்த புள்ளையவே தேடலீங்களே என்று, வாராவாரம் வலியைக் கேட்க வருகிறவரிடம் நானே சொன்னேன். அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லம்மா என்றார், அவரும் நல்ல மனுஷன்தான். மாத்திரையை நிறுத்தச் சொன்னால், வலிதான் போயிருச்சே, எதுக்கு நிறுத்தணும் என்கிறார் உன் அப்பா. நீதான் அந்த டாக்டர்களிடம் வெரசாகப் பேச வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது அனு. என் மூட்டு வலியைப் பார்த்துவிட்டு, தினமும் தன் மாத்திரையில் ஒன்றையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டுகிறார். போட்டுக்க, ஒண்ணுமே தெரியாது என்று சிரிக்கிறார். படி ஏற முடியாத நாளில் என் கை தானாக நீள்கிறது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. சாமி உங்கள் இருவரையும் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ எப்போது வருவாய் என்று கேட்காமல் நான் எந்தக் கடிதத்தையும் முடித்ததில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு கடிதம் வந்தால், நானும் போட்டுக்கொண்டேன் என்று தெரிந்துகொள்.

எப்போது வருகிறாய்?

உன் அம்மா,
சந்திரவல்லி
போடிநாயக்கனூர்