அரை நிமிடம் முந்திய மாடி

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று நீ கத்திய கத்தலிலேயே உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஐரோப்பிய கிளப் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு நம் அணி வராதா என்றுதானே சின்ன வயதிலிருந்து இரண்டு பேரும் தவம் கிடந்தோம்? நேற்று வந்தது; அதையும் கெடுத்துவிட்டாய். உன் மாடி டிவியில் வருவது என் கீழ்வீட்டு டிவியில் அரை நிமிடம் கழித்துத்தான் வருகிறது. இங்கே நம் ஆள் பந்தோடு நடுக்கோட்டைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் என் தலைக்கு மேல் "கோல்!" என்று தளம் அதிரக் குதிக்கிறாய். எனக்கென்று ஒரு கோலாவது மிச்சம் வைத்தாயா?

"பேசாம மேலயே போய்ப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி. மாடிப்படிக் கதவைப் பூட்டியது யார் என்று அவளுக்குத் தெரியாதா? அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ பேசியதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும்.

கடைசியில் பெனால்டி. என் டிவியில் நம் கேப்டன் அப்போதுதான் பந்தைத் தரையில் வைக்கிறான். மேலே நாற்காலி விழுந்தது. பிறகு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல, "போச்சுடா தம்பி" என்றாய்.

இரண்டு வருடமாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன், யாரைத் தம்பி என்கிறாய்? அந்த வார்த்தையை இனிமேல் என் தலைக்கு மேலிருந்து சொல்லாதே. கதவைத் திறந்து சொல்.

உன் சத்தத்திலேயே ஆட்டம் பார்த்து முடித்த
கீழ்வீட்டுக்காரன்